ஜெயித்தது எந்த பிளபியன்?

பழைய ரோம் என்றாலே சீசர், கிளியோபாட்ரா, கிளாடியேட்டர் சண்டை என்றுதான் பலருக்கும் ஞாபகம் வரும். அதற்கெல்லாம் முன்பே அங்கே 200 வருஷம் ஓடிய ஒரு சண்டை உண்டு. ஒரு பக்கம் பாட்ரீசியன்கள். பிறப்பாலேயே உயர்குடி என்று சொல்லிக்கொண்ட சில குடும்பங்கள். பதவி, பூசாரி உரிமை எல்லாம் அவர்கள் கையில். மறுபக்கம் மீதி எல்லோரும், அதாவது பிளபியன்கள்.

சண்டையின் முக்கிய காரணம் கடன். காமர்ஸ் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம்! 'நெக்சம்' என்று ஓர் ஒப்பந்தம். அதில் கடன் வாங்குபவன் ஈடாக வைப்பது தன் உடம்பையே. கட்ட முடியாவிட்டால் கொத்தடிமைதான். யுத்தத்துக்குப் போனவன் திரும்பி வந்தால் நிலம் பாழ். வட்டி மட்டும் நன்றாக விளைந்திருக்கும்.

கி.மு. 494-ல் பொறுமை போயிற்று. வீரர்கள் கத்தியை உருவவில்லை. ஊரை விட்டு வெளியேறி புனித மலையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். படை இல்லாத ரோம் என்ன செய்யும்? செனட் இறங்கி வந்தது. ஏழைகளைக் காக்க 'டிரிபியூன்' பதவி பிறந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கிடைத்தது. 445-ல் இரு தரப்புக்கும் இடையே கல்யாண உரிமை, 367-ல் கான்சல் பதவி, 326-ல் நெக்சம் ஒழிப்பு, 287-ல் பிளபியன் சபையின் முடிவே எல்லோருக்கும் சட்டம்.

சுபம் போட்டுவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

367-ல் அந்தச் சட்டங்களைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் லிசினியஸ் ஸ்டோலோ என்ற பிளபியன். பொது நிலத்தில் யாரும் 500 யூகெரா (சுமார் 310 ஏக்கர்) மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும் அவர் சட்டம்தான். பத்து வருஷம் கழித்து அதே சட்டத்தில் அபராதம் கட்டியவரும் அவரே! மகனைச் சட்டப்படி தனி ஆளாக்கி, இருவருமாக 1000 யூகெரா வைத்திருந்தார் என்று லிவி எழுதுகிறார். நம் ஊரில் இதற்குப் பெயர் பினாமி.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. மலையில் போய் உட்கார்ந்தவன் கடன்காரன். கான்சல் நாற்காலியில் உட்கார்ந்தவன் பணக்கார பிளபியன். அவனும் பாட்ரீசியனும் சம்பந்தி ஆனார்கள். புதிய பிரபு வர்க்கம் தயார். கி.மு. 133-ல் டைபீரியஸ் கிராக்கஸ் அதே 500 யூகெரா வரம்பை மறுபடி அமல்படுத்தப் பார்த்தபோது வீட்டோ போட்டுத் தடுத்தது யார்? ஆக்டேவியஸ் என்ற இன்னொரு டிரிபியூன். ஏழைக்காகப் பிறந்த பதவி நிலக்காரர்களுக்குக் காவல் நின்றது. கிராக்கஸை செனட்டர்களின் கும்பல் அடித்தே கொன்றது.

அதற்காக 494 வீண் என்று சொல்ல முடியாது. மனிதனின் உடம்பு அடமானப் பொருளாக இருப்பது நின்றதே, அது சாதாரண வெற்றியா? ஆனால் பதவியில் பங்கு கிடைத்தால் நிலத்திலும் பங்கு கிடைத்துவிடும் என்று நம்பியதுதான் ஏழை பிளபியன் ஏமாந்த இடம். "நம்ம ஆள்" மேலே போனால் போதுமா? போனவர் கையில் எத்தனை யூகெரா என்றும் பார்க்க வேண்டாமா?