தொலைத்ததும் திருடப்பட்டதும்

சென்ற மாதம் நெரிசல் மிகுந்த நகரப் பேருந்தொன்றில் என் தோள்பையிலிருந்த பணப்பை களவு போயிற்று. ரொக்கம் அதிகமில்லை, இரண்டு கடன் அட்டைகள் இருந்தன. வீடு வந்த பிறகே தெரிந்தது. உடனே வங்கியை அழைத்திருக்க வேண்டும். நானோ மேசை இழுப்பறையிலும் புத்தக அடுக்கிலும் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டாரிடம் சொல்லவும் கூச்சம். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. இருமுறையும் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு யாரோ பொருள் வாங்கியிருந்தார். அட்டையைக் கருவியில் காட்டினாலே போதும், ரகசிய எண் வேண்டாம் என்ற வசதியின் வரம்பு 2021 ஜனவரி 1 முதல் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நமக்கான வசதி திருடருக்கும் வசதிதான்.

பிறகு எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "எங்கே தொலைத்தீர்கள்?" காவல் நிலையத்திலும் 'தொலைந்துவிட்டது' என்றே எழுதித் தரச் சொன்னார்கள். இலக்கணம் கற்பிப்பவன் என்பதால் இது எனக்கு உறுத்திற்று. 'தொலைத்தேன்' என்பதில் எழுவாய் நான், குற்றமும் என்னுடையது. 'திருடப்பட்டது' என்றால் பெயர் தெரியாவிட்டாலும் செய்தவன் ஒருவன் இருக்கிறான். அவனைத் தேடும் கடமையும் பிறக்கிறது. நான் 'திருடப்பட்டது' என்றே எழுதிக் கொடுத்தேன். நடந்தது அதுவாக இருந்தால் நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. குற்ற உணர்வு நம்மைத் தாமதிக்கச் செய்கிறது. தாமதத்துக்கு விலை உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை அந்த விலையை வரையறுத்தது. தவறு வங்கியுடையதோ வாடிக்கையாளருடையதோ அல்லாதபோது, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. நான்கு முதல் ஏழு நாட்கள் என்றால், ஐந்து லட்சம் வரை வரம்புள்ள கடன் அட்டைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ரகசிய எண்ணைப் பகிர்ந்ததுபோல் நம் கவனக்குறைவே காரணமென்றாலும், தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சேரும். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமையும் வங்கிக்கே. எனவே வழக்கின் அச்சாணி, நாம் தெரிவித்த நேரம்.

ஆகவே தேடுவதற்கு முன் அட்டையை முடக்குங்கள். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யாத செலவுகளைப் பட்டியலிட்டு வங்கிக்கு மின்னஞ்சலும் அனுப்புங்கள்; தொலைபேசிப் பேச்சு காற்றோடு போகும். இணையவழி மோசடியும் சேர்ந்திருந்தால் 1930 என்ற எண்ணை அழையுங்கள். 'வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று பின்னர் வரும் குரலுக்கு எந்த எண்ணையும் சொல்லாதீர்கள். முப்பது நாட்களில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

எனக்கு நேர்ந்த இழப்பில் பாதியேனும் தவிர்த்திருக்கக்கூடியது. இரண்டாவது குறுஞ்செய்தி வந்தபோது நான் அலமாரியில் தேடிக்கொண்டிருந்தேன். களவு கொடுத்தவன் வெட்கப்பட, களவு செய்தவன் கடைவீதியில் நிதானமாக நடக்கிறான். அந்த வெட்கத்தை இடம் மாற்றுவதே நாம் முதலில் செய்ய வேண்டியது.