சாட்சியைப் பைத்தியமாக்கும் கலை

உளவியல் மர்மப் படங்களைப் பற்றிப் பேசும் நம் நண்பர்கள் பலர், இறுதித் திருப்பம் எவ்வளவுக்கு எதிர்பாராததோ அவ்வளவுக்குப் படமும் உயர்ந்தது என்பர். கதை சொல்பவனே நம்பத்தகாதவன் என்று வெளிப்பட்டதும் கைதட்டுவதோடு அவர்களது விமர்சனம் முடிந்துவிடுகிறது. அத்திருப்பத்தினால் தப்பிச் செல்பவன் யார் என்று அவர்கள் கேட்பதில்லை. விமர்சனம் தொடங்கவேண்டிய இடமே அதுதான்.

இவ்வகைப் படங்களின் முன்னோடியெனப் போற்றப்படும் 'டொக்டர் கலிகாரியின் கூடம்' 1920இல் பேர்லினில் திரையிடப்பட்டது. றொபேட் வீனெ நெறிப்படுத்திய இம்மௌனப் படத்திலே பிரான்சிஸ் என்னும் இளைஞன் கதை சொல்கிறான். உறக்கநிலையில் இயங்கும் செசாரேயைச் சந்தைத் திடலிற் காட்சிக்கு வைக்கும் கலிகாரி, அவனை ஏவிக் கொலைகள் செய்விக்கிறான். பிரான்சிஸின் நண்பனும் பலியாகிறான். கலிகாரியைப் பின்தொடரும் பிரான்சிஸ், அவன் மனநோய் வைத்தியசாலையொன்றின் பணிப்பாளனே எனக் கண்டறிகிறான். முடிவிலோ, பிரான்சிஸே அவ்வைத்தியசாலையின் நோயாளி என்றும், பணிப்பாளர் அவனைக் குணப்படுத்தும் வழியறிந்த நல்லவர் என்றும் படம் அறிவித்துவிடுகிறது.

முதலாம் உலகப் போரில் மக்களைக் கொல்லவும் மடியவும் ஏவிய அதிகாரத்தின் உருவமே கலிகாரி எனக் கதாசிரியர் இருவருள் ஒருவரான ஹான்ஸ் ஜானோவிட்ஸ் பின்னாளிற் கூறினார். அவரது கூற்றை ஆதாரமாகக் கொண்டு, அதிகாரத்தை எதிர்த்த கதையை இச்சட்டகக் கதை அதிகாரத்துக்குப் பணியவைத்தது என்று சிக்பிரீட் கிராக்கவர் 1947இல் எழுதினார். மூலக்கதையிற் சட்டகமே இருக்கவில்லை என்பது தவறென 1995இல் பதிப்பிக்கப்பெற்ற திரைக்கதை காட்டியது. இதனைக்கொண்டு கிராக்கவரை முற்றாகத் தள்ளுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அம்மூலத்தில் பிரான்சிஸ் பல்லாண்டுகளின் பின் தன் நண்பர்களுக்கே கதை சொல்கிறான்; அவன் பைத்தியக்காரனல்லன். அப்பட்டத்தை அவனுக்குச் சூட்டியது படமே.

கோணலாக வரையப்பட்ட காட்சியமைப்பு இறுதியிலும் மாறாதிருப்பதால் ஐயம் எஞ்சுகிறதே என்பர் சிலர். எஞ்சட்டும். கொலைகளே நோயாளியின் கற்பனையாகிவிட்டபின், அவ்வையத்தைக் கொண்டு யாரை விசாரிப்பது?

திருப்பம் என்ற உத்தியையே நான் மறுப்பதாக எவரும் கொள்ளவேண்டா. எஸ். பாலசந்தர் 1954இல் நெறிப்படுத்திய 'அந்த நாள்' இதற்குத் தக்க மறுமொழியாகும். ஜப்பானியக் குண்டு விழுந்த 1943ஆம் ஆண்டுச் சென்னையிலே வானொலிப் பொறியியலாளன் ஒருவன் கொல்லப்படுகிறான். விசாரிக்கப்படுவோர் ஆளுக்கொருவரைச் சந்தேகித்துக் கதை கூறுகின்றனர். நாமும் அலைக்கழிகிறோம். ஆயினும், தேசத்துரோகியான அவன் தன் மனைவியின் கையாலேயே மடிந்தான் என்ற உண்மை, நாம் கண்டவற்றை அழித்துவிடுவதில்லை. கொலையும் மெய், துரோகமும் மெய். கணவன் பெரிதா, நாடு பெரிதா என்ற அவளது நெருக்கடியை நாமே எடைபோட நேர்கிறது.

முன்னையது பார்வையாளனின் தீர்ப்பைப் பறிக்கிறது. பின்னையது அதனை அவனிடம் ஒப்படைக்கிறது. தன்மீது குற்றஞ்சாட்டுபவனைப் பைத்தியக்காரன் என்று ஒதுக்குவது அதிகாரத்துக்கு என்றும் எளிதான வழி. அவ்வழியைத் திரையிற் காணும்போது கைதட்டுபவன், வாழ்விற் காணும்போது எவ்வாறு எதிர்ப்பான்?