திரைச்சீலையைச் சுவர் தாங்குமா?

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தங்கை அழைத்தாள். முறுக்கு மாவு பற்றித்தான் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். "அண்ணே, ஹால் கர்ட்டன் கம்பியோட பிடுங்கிக்கிட்டு விழுந்துடுச்சு" என்றாள். பிள்ளையின் தொட்டில் இரண்டடி தள்ளி இருந்ததால் தப்பித்தோம்.

போய்ப் பார்த்தேன். புது கான்டோ. சன்னல் சுவரின் உட்புறத்தை ஜிப்சம் பலகையால் மூடியிருந்தார்கள். செங்கல் சுவருக்குப் போடும் பிளாஸ்டிக் பிளக்கை அதில் செருகி, திருகாணி முடுக்கியிருக்கிறார் மாப்பிள்ளை. செங்கல்லில் அந்தப் பிளக் விரிந்து நாலு பக்கமும் இறுகும். இந்தப் பலகையின் தடிமனோ 12 மில்லிமீட்டர்தான், பின்னால் வெற்றிடம். போதாக்குறைக்குத் துவைத்த தடித்த திரையை ஈரம் காயுமுன்பே மாட்டியிருக்கிறார்கள். ஈரத்துணி எவ்வளவு கனக்கும் என்று வாளியில் தூக்கியவர்களுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டுச் சுவர் எப்படிப்பட்டது? விரல் மடக்கித் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் பலகை. சந்தேகமாக இருந்தால், சிறிய துளை போட்டு வரும் தூளைப் பாருங்கள். சிவப்பு என்றால் செங்கல், சாம்பல் நிறம் என்றால் சிமெண்ட். மாவு போல வெள்ளைத் தூள் கொட்டி, துரப்பணம் சட்டென்று உள்ளே போனால் ஜிப்சம். சுவிட்ச், பிளக் பாயிண்டுகளுக்கு நேர் மேலேயும் கீழேயும் மட்டும் துளையிட வேண்டாம், கம்பி ஓடும்.

பலகைக்குப் பின்னால் பெரும்பாலும் 40 அல்லது 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இரும்புச் சட்டம் நிற்கும். ஒரு காந்தத்தைச் சுவரில் மெல்ல நகர்த்தினால், அது ஒட்டும் இடத்தில் சட்டம் இருக்கிறது. தாங்கியை அங்கே பொருத்துவதே நல்லது. ஆனால் நமக்கு வேண்டிய இடத்தில் சட்டம் அமைவது அபூர்வம். அதற்கு நான் செய்வது இதுதான்: சன்னலைவிட நீளமான மரச்சட்டம் ஒன்றை எல்லா இரும்புச் சட்டங்களிலும் முடுக்கிவிட்டு, தாங்கிகளை அந்த மரத்தில் பொருத்துவேன். சுவரின் நிறத்திலேயே சாயம் பூசினால் கண்ணுக்குத் தெரியாது.

மெல்லிய திரை என்றால், பலகைக்குப் பின்னால் இறக்கை விரிக்கும் போல்ட் போதும். ஹார்டுவேர் கடையில் 'டாகல் போல்ட்' என்று கேளுங்கள். பிய்ந்த பழைய துளையில் மட்டும் மறுபடி போடாதீர்கள். சில அங்குலம் தள்ளிப் போடுங்கள். ஆறடிக்கு மேற்பட்ட கம்பிக்கு நடுவிலும் ஒரு தாங்கி வேண்டும். பிளாஸ்டர் சீலிங்கில் திரை மாட்ட நினைப்பவர்கள், சீலிங் அடிக்கும்போதே உள்ளே ஒட்டுப்பலகை வைக்கச் சொல்லிவிடுங்கள்.

பிளைண்ட்ஸ் போட்டிருந்தால் இன்னொன்று. வளையமாகத் தொங்கும் கயிறு சிறு பிள்ளையின் கழுத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பெரியவர்களுக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு கொக்கி அடித்து, அதில் சுற்றி வையுங்கள். தொட்டிலைச் சன்னலோரம் போடவேண்டாம்.

தங்கை வீட்டு மரச்சட்டத்துக்கு மாப்பிள்ளையே சாயம் பூசினார். தீபாவளியன்று அது காயவில்லை. திரை மறுநாள்தான் ஏறியது.