படுக்கைக்கும் கேமராவுக்கும் நடுவே



மே 12 உலக செவிலியர் தினம். அதையொட்டி இந்த இதழைச் செவிலியர் சிறப்பிதழாகக் கொண்டுவந்திருக்கிறோம். பக்கங்களைப் புரட்டும்போது ஒன்று உங்கள் கண்ணில் படலாம். ஊசி போடும் கை இருக்கிறது, நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் சிஸ்டர் இருக்கிறார். நோயாளியின் முகம் மட்டும் எங்குமே இல்லை. தெரிந்தேதான் விட்டிருக்கிறோம். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

தலைவர்களின் பிறந்தநாள் வந்தால் எங்கள் அலுவலகத்துக்கு ஒரே மாதிரிப் படங்கள் வந்து குவியும். அரசு மருத்துவமனை வார்டு. கட்டிலைச் சுற்றிக் கரைவேட்டியில் ஏழெட்டுப் பேர், எல்லோர் பார்வையும் கேமராவில். நடுவில் ஒரு பாட்டி. ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, மறு கையில் ரொட்டிப் பாக்கெட்டைத் திணித்திருக்கிறார்கள். முந்தானையைச் சரிசெய்துகொள்ளக்கூட அவருக்கு அவகாசம் இல்லை. தலைமாட்டு அட்டையில் பெயர், வயது, என்ன நோய் என்பதெல்லாம் தெளிவாகப் படிக்கக் கிடைக்கிறது. பிரசவ வார்டுக்குத் தங்க மோதிரத்தோடு போகிறவர்கள் அனுப்பும் படங்களும் இப்படித்தான். பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தை, பக்கத்தில் அசதியில் கண்ணைத் திறக்க முடியாத தாய்.

மோதிரம் நல்லது, பாலும் பழமும் நல்லது. கொடுப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பாட்டியிடம் ‘படம் எடுக்கலாமா?’ என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டிருந்தாலும் அவர் என்ன சொல்லிவிட முடியும்? எழுந்து போக முடியாத உடம்பு, அப்போதுதான் எதையோ வாங்கிக்கொண்ட கை, சுற்றிலும் பெரிய மனிதர்கள். அந்த நிலையில் அவர் தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

அங்கே அவருக்காகப் பேசக்கூடியவர் பெரும்பாலும் ஒருவர்தான். அந்த வார்டின் செவிலியர். பேசுவது அவருக்கு லேசில்லை. தொகுப்பூதியத்தில் இருப்பவராக இருக்கலாம். வந்திருப்பவர்களோ மருத்துவமனை அதிகாரிகளையும் கூடவே அழைத்து வந்தவர்கள். மறுநாள் மெமோ வருமோ என்ற பயம் இருக்காதா? அதையும் மீறி, ‘ஒரு நிமிஷம் இருங்க சார்’ என்று ஸ்கிரீனை இழுத்து மறைத்துவிட்டு, காதோரம் குனிந்து, ‘பாட்டிம்மா, உங்களை போட்டோ எடுக்கணுங்கறாங்க, வேணாம்னா நான் சொல்லிடறேன்’ என்று கேட்கிற சிஸ்டர்கள் நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். இந்த இதழ் அவர்களுக்குத்தான்.

செவிலியர் கையிலும் போன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வேலைக்கே அது வேண்டியிருக்கிறது. டிரெஸ்ஸிங்கைப் பிரித்ததும் படுக்கைப்புண் ஆழமாகிவிட்டது தெரிகிறது, டாக்டர் வேறு வார்டில் இருக்கிறார். ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சிகிச்சை அப்போதே மாறும். சர்க்கரை நோயாளியின் கால்புண் போன வாரத்தைவிட ஆறியிருக்கிறதா, பரவியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் படம் பெரிய உதவி. இதைத் தடுத்தால் கேடு நோயாளிக்குத்தான். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. படம் சிஸ்டரின் கேலரியிலேயே தங்கிவிடுகிறது. டாக்டரின் போனிலும் தானாகச் சேமிப்பாகிவிடலாம். பேக்கப் போட்டிருந்தால் கூகுள் போட்டோஸுக்கும் ஏறிவிடும். வீட்டில் கல்யாணப் படம் பார்க்க போனை வாங்கிய அத்தை விரலால் தள்ளிக்கொண்டே போக, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் இடுப்புப் புண் திரையில் வந்து நிற்கும். யார் மனத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் மறைப்பு போய்விட்டது.

வார்டுக்கென்று ஒரு போனோ கேமராவோ கொடுங்கள். எதற்காக எடுக்கிறோம் என்று நோயாளியிடம் சொல்லிக் கேட்டுவிட்டு, புண்ணை மட்டும், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்து, கேஸ் ஷீட்டோடு சேர்த்துவிட்டு, போனிலிருந்து அழித்துவிடலாம். இது நிர்வாகம் செய்துகொடுக்க வேண்டிய ஏற்பாடு. சிஸ்டரின் சொந்த போனை நம்பி வார்டை ஓட்டிவிட்டு, தப்பு நடந்தால் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. படிப்பிலும் இதற்கு இடம் வேண்டும். நர்சிங் மாணவிகள் விளக்கேந்தி எடுக்கும் நைட்டிங்கேல் உறுதிமொழி, 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டரின் குழு எழுதியது. பணியில் தெரியவரும் நோயாளியின் சொந்த விஷயங்களையும் குடும்ப விஷயங்களையும் வெளியே விடமாட்டேன் என்பது அப்போதே அதில் உண்டு. அதற்குள் போன் கேலரியும் அடங்கும் என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

‘முகம்தான் தெரியவில்லையே’ என்று சிலர் சொல்வார்கள். இந்திய மருத்துவக் கவுன்சில் டாக்டர்களுக்காக 2002-ல் கொண்டுவந்த நெறிமுறைகளும், நோயாளியின் அடையாளம் தெரியும்படியான படத்தை அனுமதி இல்லாமல் வெளியிடக்கூடாது என்கின்றன. அடையாளம் தெரியாவிட்டால் அனுமதி தேவையில்லை என்றும் சொல்கின்றன. யாருக்குத் தெரியாது என்பதுதான் என் கேள்வி. எனக்குத் தெரியாமல் இருக்கலாம். முழங்கையில் குத்திய பச்சை, கணுக்கால் தழும்பு, சேலையின் நிறம், இவற்றைப் பார்த்த மாத்திரத்தில் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும். ஹெச்.ஐ.வி., காசநோய், கலைந்த கர்ப்பம் என்று வரும்போது, பக்கத்துத் தெருவுக்குத் தெரியக்கூடாது என்றுதான் பலர் இரண்டு பஸ் மாறித் தூரத்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போடுவது போதாது என்பது மருத்துவ இதழ்களின் சர்வதேச ஆசிரியர் குழுவே சொல்லிவிட்ட விஷயம்.

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு, சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. அதே 2017 ஆகஸ்ட்டில்தான் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மனநல வார்டுக்கு எழுதிவைத்த அந்தத் தெளிவான வரி எல்லா வார்டுகளுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

அப்படியானால் ஆஸ்பத்திரியைப் படமே எடுக்கக்கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். 1951 டிசம்பரில் ‘லைஃப்’ இதழில் யூஜின் ஸ்மித்தின் படக்கட்டுரை ஒன்று வந்தது. தென் கரோலினாவின் ஏழைக் கறுப்பின மக்களுக்குப் பிரசவம் பார்த்த செவிலியர் மௌட் கேலனைப் பற்றியது. அதைப் பார்த்து வாசகர்கள் அனுப்பிய பணத்தில் அவருக்கு ஒரு கிளினிக்கே எழுந்தது.

அதே ஸ்மித் இருபது வருஷம் கழித்து ஜப்பானின் மினமாட்டாவில் எடுத்த படம் ஒன்று உண்டு. தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசத்தால் கருவிலேயே முடங்கிப்போன மகளை, அம்மா குளியல் தொட்டியில் ஏந்தியிருப்பார். பெற்றோர் சம்மதித்து எடுத்த படம். மினமாட்டாவின் கொடுமையை உலகம் அறிந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1977-ல் அந்தப் பெண் இறந்துபோனார். படமோ உலகைச் சுற்றிக்கொண்டே இருந்தது. இனி மகள் ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் நினைத்தார்கள். ஸ்மித் அப்போது உயிரோடு இல்லை. அவரோடு சேர்ந்து மினமாட்டாவில் பணியாற்றிய, உரிமையைக் கையில் வைத்திருந்த ஐலீன் ஸ்மித், 1998-ல் அந்தப் படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடமே ஒப்படைத்தார். உலகப் புகழ்பெற்ற ஒரு படத்தை, அதில் இருப்பவரின் வீட்டார் கேட்டார்கள் என்பதற்காக விட்டுக்கொடுத்தது எனக்கு மிகப் பெரிய காரியமாகத் தெரிகிறது. அந்தப் படத்தையும் அந்தப் பெண்ணின் பெயரையும் இங்கே போடவில்லை.

நம் இதழிலும் இனி அதுவே வழக்கம். பழைய இதழ்களில் உங்கள் படமோ உங்கள் வீட்டு நோயாளியின் படமோ வந்திருந்து, இப்போது வேண்டாம் என்று தோன்றினால் ஒரு வரி எழுதுங்கள். இணையப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுவோம், வேறெங்கும் மறுபடி போடமாட்டோம். காரணம் கேட்கமாட்டோம். வார்டில் கேமராவைத் தடுத்த அனுபவமோ, தடுக்க முடியாமல் போன அனுபவமோ உள்ள சிஸ்டர்களும் எழுதுங்கள். உங்கள் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் எங்களோடு இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்