கதவு திறக்கவில்லை

சென்ற வைகாசி மாதத்தில் ஒரு நாள், ராசிபுரம் கடைவீதியில் என் தாயாரை இருபது நிமிஷ நேரம் சிறை வைத்தேன். வேண்டுமென்று செய்த காரியம் அல்ல. ஆனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வாயில்லை.

எங்கள் வீட்டில் 1986-ஆம் வருஷத்து அம்பாஸடர் வண்டி ஒன்று இருக்கிறது. என் தகப்பனார் வாங்கியது. அதன் இடப் பக்கத்துப் பின் கதவு, வெளியிலிருந்து பொத்தானை அழுத்தினால் திறக்கும். உள்ளேயிருந்து கைப்பிடியை என்ன திருகினாலும் திறக்காது. நாலைந்து மாதமாகவே அப்படித்தான். "நாம்தான் இறங்கிப் போய்த் திறந்துவிடுகிறோமே, என்ன அவசரம்?" என்று நானும் ஒத்திப் போட்டுக்கொண்டே வந்தேன். வீட்டுக் கணக்கை நாளைக்குப் போட்டு வருகிறேன் என்று சொல்லும் பையன்களுக்கு அரை மணி நேரம் உபதேசம் செய்கிற உபாத்தியாயர் நான்!

அன்றைக்கு நெய் வாங்குவதற்காக ராசிபுரத்தில் வண்டியை நிறுத்தினேன். அம்மா பின் ஆசனத்தில் இருந்தாள். கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கிவிட்டு, "இதோ வந்துவிட்டேன்" என்று சொல்லிப் போனேன். கடையில் பழைய சிநேகிதர் ஒருவர் அகப்பட்டார். மேலே சொல்ல வேண்டியதில்லை. நான் போன பிறகு லாரி ஒன்று வந்து வலப் பக்கத்துக் கதவை ஒட்டினாற்போல் நின்றுவிட்டது. இடப் பக்கத்துக் கதவோ என் சோம்பலின் வசம். முன் ஆசனத்தின் முதுகைத் தாண்டி ஏறி வருவதற்கு எழுபத்து நாலு வயது இடம் தரவில்லை. கண்ணாடியை இறக்கும் பிடியும் இறுகிப் போயிருந்தது. கடைசியில் சைக்கிளில் போன பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் கண்ணாடியைத் தட்டும் சத்தத்தைக் கேட்டு, வெளிப் பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்துவிட்டான்.

நான் திரும்பி வந்தபோது அம்மா கடை நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பு வேர்வையில் நனைந்திருந்தது. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நாமக்கல் கோயிலுக்குப் புறப்பட்டபோதுதான், "நீங்கள் போய் வாங்க கண்ணு. நான் வீட்டிலேயே இருந்துக்கிறேன்" என்றாள். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே வார்த்தை.

வெயிலில் நிற்கும் வண்டியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 2005-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் வைத்தியர்கள் சிலர், மூடிய மோட்டார் வண்டிக்குள் வெப்பம் எப்படி ஏறுகிறது என்று அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறிற்றாம். அதிலும் ஐந்தில் நாலு பங்கு முதல் 30 நிமிஷத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததனால் சொல்லத்தக்க பயன் ஒன்றும் இல்லை. சேலத்துச் சீமையில் சித்திரை வைகாசியில் வெளியிலேயே 40 டிகிரியைத் தொடுகிறது. மிச்சக் கணக்கை நேயர்களே போட்டுக்கொள்ளலாம். குழந்தைகளானாலும் முதியவர்களானாலும், நாலு விரற்கடைக் கண்ணாடியை நம்பி விட்டுப் போகக்கூடாது.

இனிக் கதவின் சமாசாரத்துக்கு வருவோம்.

அம்பாஸடர் என்பது இங்கிலாந்தில் செய்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாவது வரிசையைத் தழுவியது. 1957 முதல் வங்காளத்து உத்தரபாராவில் செய்தார்கள். 2014-இல் நிறுத்திவிட்டார்கள். ஐம்பத்தேழு வருஷ காலம் ஏறக்குறைய ஒரே முகத்தோடு இருந்ததில் ஒரு லாபம் உண்டு. உள்ளே மின்சார மோட்டார், கம்பிச் சிக்கல் ஒன்றும் இல்லாத பழைய கதவுகளைக் கண்ணாலேயே பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

கதவின் விளிம்பில் ஒரு பூட்டு இருக்கிறது. அது கதவு நிலையிலுள்ள இரும்புக் கவ்வைப் பற்றிக்கொள்கிறது. வெளிப் பொத்தான் அந்தப் பூட்டை நேராகத் தள்ளுகிறது. உள் கைப்பிடியோ பூட்டுக்கு ஒரு முழம் தள்ளி இருப்பதால், கதவின் வயிற்றுக்குள் ஓடும் ஒரு கம்பியினால் அதை இழுக்கிறது. ஆகையால் வெளியிலிருந்து திறந்து, உள்ளிருந்து திறக்கவில்லையானால், பெரும்பாலும் பூட்டின் மேல் குற்றமில்லை. கம்பியைச் சோதிக்க வேண்டும். உள்ளிருந்து திறந்து, வெளியிலிருந்து திறக்காவிட்டால் பொத்தானைப் பார்க்க வேண்டும். இரண்டுமே முடியாவிட்டால்தான் பூட்டின் மேல் சந்தேகம் கொள்ளலாம். இந்தச் சிறிய தர்க்கம் தெரியாமல் முழுப் பூட்டையும் மாற்றச் சொல்லிப் பணம் கொடுத்தவர்கள் உண்டு. நானும் ஒரு தடவை, வேறொரு கதவுக்கு, அப்படிக் கொடுத்தவன்தான். (சமீப காலத்து வண்டிகளில், பின் கதவு உள்ளிருந்து திறக்காவிட்டால், முதலில் கதவு விளிம்பிலுள்ள குழந்தைப் பாதுகாப்புத் தாழைப் பாருங்கள். அது போட்டிருப்பதே காரணமாக இருக்கலாம்.)

நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்ற மேஸ்திரி ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை அழைத்து வந்தேன். கதவை ஒரு தடவை திறந்து மூடிவிட்டு, காதை வைத்துக் கேட்டார். "பூட்டு ஒண்ணும் கெட்டுப் போகலைங்க, வாத்தியாருங்க. அழுக்குத்தான் பூட்டிக்கிச்சு" என்றார்.

முதல் காரியமாகக் கண்ணாடியை முழுதும் ஏற்றிவிட்டார். பிறகு உள் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் இதற்குத் திருகாணி இருக்கும்; சிலவற்றில் சிறு ஊசி; சிலவற்றில் குதிரை லாடம் போன்ற ஒரு கம்பிக் கவ்வி மறைந்திருக்கும். லாடக் கவ்வியைக் கழற்ற அவர் சொன்ன உபாயம் மிகவும் ரசமானது. பழந்துணி ஒன்றைக் கைப்பிடிக்குப் பின்னால் நுழைத்து, செருப்புக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்தால், கவ்வி துணியில் மாட்டித் தெறித்து வெளியே வந்துவிடும். எங்கே போய் விழுகிறது என்று பார்த்துக்கொள்ள ஒரு பையனை நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தபடி உள் அட்டை. அதை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கிழிந்து போகும். தட்டையான திருப்புளியை ஒவ்வொரு கவ்விக்கும் அருகில் கொடுத்து மெதுவாக நெம்ப வேண்டும். அட்டை வந்ததும் கதவின் வயிறு தெரிந்தது. அடியிலே இரண்டு விரற்கடை செம்மண் புழுதி! மழைத் தண்ணீர் வடிவதற்காக விட்டிருக்கும் துவாரங்கள் எல்லாம் அடைபட்டிருந்தன. புழுதியில் ஒரு பென்சில் துண்டும், 2011-இல் செல்லாமற்போன 25 பைசா நாணயம் ஒன்றும், கம்பியின் நுனியைப் பிடித்திருக்க வேண்டிய சிறு கவ்வியும் கிடந்தன. ஐந்து மாத அவஸ்தைக்குக் காரணம் அந்தக் கவ்விதான். சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை.

கவ்வியை மாட்டியதோடு மேஸ்திரி திருப்தி அடையவில்லை. பூட்டில் பழைய கிரீஸும் புழுதியும் சேர்ந்து தார் போல் உறைந்திருந்தன. பழைய பல் தேய்க்கும் பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்துக் கழுவி, துடைத்து, புதிய கிரீஸை மிகக் கொஞ்சமாகத் தடவினார். சாவித் துவாரத்துக்கு நான் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தபோது பதறிப் போனார். அது மார்கழிக் குளிரில் உறையும். மற்ற நாளில் புழுதியைச் சேர்க்கும். திண்டுக்கல் பூட்டானாலும் எண்ணெய் விட்டே கெடுப்பவர்கள்தான் அதிகமாம். "உங்ககிட்டப் பென்சில் இருக்குமுங்களே" என்றார். மெதுவான பென்சிலைச் சாவியின் பல்லில் நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டு நாலு தடவை திருப்பினார். பென்சிலின் கரியே வழுவழுப்புத் தரும் சரக்கு. ஈரமில்லாததால் தூசு ஒட்டாது. இருபது வருஷமாகப் பென்சிலோடு ஜீவனம் செய்கிற எனக்கு இது தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். வேலை முடிந்ததும் கதவை உடனே சாத்திவிடக் கூடாது. திறந்திருக்கும்போதே பூட்டின் நாக்கைத் திருப்புளியால் தள்ளி மூடி, உள்ளேயும் வெளியேயும் திறந்து சோதித்த பிறகே சாத்த வேண்டும். சோதிக்காமல் சாத்திவிட்டு, அட்டையைக் கழற்றவும் வழியில்லாமல் விழிப்பவர்கள் உண்டு. அப்படி மூடியே மாட்டிக்கொண்டால், கைப்பிடியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது வார்ப்பு, ஒடிந்துவிடும். ஒருவர் கதவை உள்நோக்கி நன்றாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் பொத்தானை அழுத்தினால், பூட்டின் மேலுள்ள பளு குறைந்து பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

மேஸ்திரி கூலி வாங்க மறுத்து, ஒரு டம்ளர் காப்பியோடு போய்விட்டார். நான் அம்மாவை அழைத்து வந்து பின் ஆசனத்தில் உட்காரவைத்து, கதவைச் சாத்தினேன். கைப்பிடியைக் காட்ட வாயெடுப்பதற்குள் அவளே திருப்பினாள். கதவு திறந்துகொண்டது. சாத்தினாள், திறந்தாள், மறுபடியும் சாத்தினாள். பிறகு கண்ணாடிப் பிடியையும் சுற்றிப் பார்த்தாள். அதையும் மேஸ்திரி கழுவிவிட்டிருந்தார்.

"ராசிபுரத்திலே அன்னைக்கு நெய் வாங்கினியா கண்ணு?" என்று கேட்டாள்.

வாங்கவில்லை. அன்றைக்கு இருந்த பரபரப்பில் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

"அப்ப வண்டியை எடு" என்றாள்.