திமிங்கலமும் மரப்பட்டைப் பாசியும்

நம் கள்ளக்குறிச்சிக்குக் கடல் கிடையாது. ஆனாலும் 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரையில் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது இங்கே டீக்கடையிலும் அதே பேச்சுதான். எண்பதுக்கு மேல் ஒதுங்கி, நாற்பதுக்கு மேல் செத்தன. மீனவர்கள் ஆழத்துக்கு இழுத்துப் போய் விட்டும் சில திரும்பக் கரைக்கே வந்தன. பைலட் திமிங்கலம் கூட்டத்தை விட்டுப் பிரியாது. 1973 ஜனவரியிலும் அதே கரையில் 147 ஒதுங்கியதாகப் பதிவு உண்டு.

நம் கடலோரத்தில் இன்னொரு ஜீவனும் இருக்கிறது. மரப்பட்டையில் சாம்பல் நிற நாடாக் கொத்தாகத் தொங்கும். பாடப் புத்தகம் லைக்கன் என்கிறது. பிரியாணியில் போடும் கல்பாசியும், கல்வராயன் மலைப் பாறையில் படை மாதிரி ஒட்டியிருப்பதும் இந்த ஜாதிதான். இதுவும் பிரியாத குடும்பம்: பூஞ்சை வீடு கட்டுகிறது, உள்ளே இருக்கும் பாசி சமைத்துப் போடுகிறது. பிரித்துவிட்டால் லைக்கன் என்று ஒன்று கிடையாது.

இதன் பெயர் ரொசெல்லா மொந்தாஞ்யி. வைத்தவர் புதுச்சேரி தாவரத் தோட்டத்தைக் கவனித்த பெலான்ழே. மொந்தாஞ் என்ற பிரெஞ்சு அறிஞரின் நினைவாக. பிரெஞ்சு படித்த எனக்கு அதில் ஒரு சிரிப்பு. ‘மொந்தாஞ்’ என்றால் மலை. கடலோரப் பாசிக்கு மலைப் பெயர்! பள்ளிக்கூடத்தில் அமிலத்தில் நனைத்தால் சிவக்குமே லிட்மஸ் தாள், அதன் சாயம் ரொசெல்லா வகைகளிலிருந்து வந்ததுதான். 1848இல் ஸ்டென்ஹவுஸ் இத்தகைய லைக்கன்களை ஆராய்ந்தபோது கண்டது எரித்ரிட்டால். நம்மில் சர்க்கரைக்காரர்கள் காபியில் போடுகிறோமே, அதுவேதான்.

திமிங்கலத்துக்கு 1972 வனவிலங்குச் சட்டத்தின் காவல் உண்டு; இருக்கவும் வேண்டும். அதே சட்டத்தில் 1991இல் ஆறு தாவரங்களைச் சேர்த்தார்கள். அதில் லைக்கன் ஒன்றுகூட இல்லை. பெரிய உடம்பு கரையில் கிடந்தால் கேமரா வருகிறது. சாலைக்காக ஒரு கிழட்டுப் புளியமரத்தைச் சாய்த்தால் பட்டையோடு பாசியும் விறகுக்கடைக்குப் போகிறது, கேட்பாரில்லை. பதிலுக்குப் பத்துக் கன்று நட்டோம் என்பார்கள். லைக்கன் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளர்வதே அதிகம். கன்றின் பட்டை அதற்கு எப்போது வீடாகும்?

குமாஸ்தா புத்தி எனக்கு. மரம் வெட்டும் கோப்பில் சுற்றளவு எழுதுகிறோம், விலை எழுதுகிறோம். பட்டையில் என்ன இருக்கிறது என்று இன்னொரு கட்டம் போட்டு, பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒரு தாவரவியல் ஆசிரியரின் கையெழுத்தையும் வாங்கச் சொல்லுங்கள். கடலோர மாவட்டங்களில் முதலில் தொடங்கட்டும். பிறகு நம் மலைக்கும் வரட்டும்.