ஏரிகளுக்கும் காடுகளுக்கும் இடையே ஹைதராபாத்தின் மண்பாதைகள்: பதிவில் இல்லாத வழிக்குப் பாதுகாப்பு உண்டா?

ஹைதராபாத்: ஹைதராபாத் வெளிவட்டச் சாலையை ஒட்டி, சூரிய மின்தகடுகளைக் கூரையாகக் கொண்ட 23 கிலோமீட்டர் நீள மிதிவண்டித் தடம் 2023 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. தென்கொரியாவின் நெடுஞ்சாலைத் தடம் ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்ட இதன் கூரை, 16 மெகாவாட் மின் உற்பத்தித் திறன் கொண்டது. நானக்ராம்குடாவிலிருந்து மாநிலக் காவல் பயிற்சிக் கழகம் வரை 8.5 கி.மீ., நார்சிங்கியிலிருந்து கொல்லூர் வரை 14.5 கி.மீ. என இரு பிரிவுகளாக இத்தடம் செல்கிறது.

இதற்கு மேற்கே, எந்த அமைச்சரும் திறந்து வைக்காத வேறு பாதைகள் உள்ளன. உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளின் கரையோரங்கள், சில்கூர் காட்டின் விளிம்பு, முசி ஆறு பிறக்கும் விகாராபாத் அனந்தகிரி மலை எனப் பரந்து கிடக்கும் மண்பாதைகள் அவை. ஆடு மாடு மேய்ப்போரும் உழவர்களும் கோயிலுக்குச் செல்வோரும் நடந்து நடந்து உருவானவை. தடித்த சக்கரங்கள் கொண்ட மலைப்பாதை மிதிவண்டிகள் வந்த பிறகு, விடுமுறை நாள் காலைகளில் நகரவாசிகளும் இவற்றைத் தேடி வருகின்றனர்.

தார்த்தடத்திற்கு ஒரு துறையும் நிதி ஒதுக்கீடும் உண்டு. மண்பாதையோ, அது கிடக்கும் நிலத்தின் சட்டநிலையை மட்டுமே நம்பியிருக்கிறது. அந்த நிலை மாறினால் பாதையும் மறைந்துவிடும். கடந்த சில ஆண்டுகளில் ஹைதராபாத்தைச் சுற்றி நடந்தவை இதையே காட்டுகின்றன.

வெள்ளம் தந்த ஏரிகள்

1908 செப்டம்பர் 28 அன்று முசி ஆற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டு சென்றது. அதன் பின்னர் பொறியாளர் எம். விசுவேசுவரய்யாவின் ஆலோசனைப்படி வெள்ளத் தடுப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. முசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920-லும், அதன் கிளையாறான ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927-லும் கட்டி முடிக்கப்பட்டன. வெள்ளத்தைத் தடுக்கப் பிறந்த இவ்விரு ஏரிகளும் நகரின் குடிநீர் ஆதாரங்களாகவும் விளங்கின.

இவற்றைக் காக்க 1996 மார்ச் 8 அன்று அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு அரசாணை 111-ஐப் பிறப்பித்தது. ஏரிகளைச் சுற்றிய 10 கி.மீ. எல்லையில், 84 கிராமங்களில், மாசுபடுத்தும் தொழிற்சாலைகளும் பெரிய கட்டடங்களும் தடை செய்யப்பட்டன. அப்பகுதியில் ஓர் எண்ணெய் ஆலைக்கு விலக்களிக்கப்பட்டதை 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. நகரம் மேற்கு நோக்கி வேகமாக வளர்ந்தபோதும், இப்பகுதியில் வயல்களும் புதர்க்காடுகளும் பாறைக் குன்றுகளும் எஞ்சியதற்கு இந்த ஆணையே முதன்மைக் காரணம். மிதிவண்டிக்காக எழுதப்படாத ஓர் ஆணை, மிதிவண்டிப் பாதைகளையும் சேர்த்தே காத்தது.

2022 ஏப்ரலில் தெலங்கானா அரசு அரசாணை 69 மூலம் இக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 2023 மே மாதம், பழைய ஆணையை முழுமையாக விலக்கிக்கொள்ள மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. நிலத்தை விற்கவோ கட்டடம் எழுப்பவோ இயலாமல் கால் நூற்றாண்டாகக் காத்திருந்ததாக முறையிட்ட கிராமத்தினரின் கோரிக்கை அதன் பின்னணியில் இருந்தது. அந்தக் குறையைப் புறந்தள்ள முடியாது. நகருக்குக் கிடைத்த நன்னீருக்கும் திறந்தவெளிக்கும் உரிய விலையைக் கிராமங்களே சுமந்தன. அதற்கான ஈட்டுத்தொகை பற்றி நகரம் பேசவில்லை.

தாமகுண்டமும் கஞ்ச கச்சிபௌலியும்

விகாராபாத் மாவட்டம் பூடூர் வட்டாரத்திலுள்ள தாமகுண்டம் காப்புக்காடு, மலையேறுவோரும் மிதிவண்டியோட்டிகளும் நாடிச் சென்ற இடம். அங்கு சுமார் 2,900 ஏக்கர் வனநிலம், நீர்மூழ்கிக் கப்பல்களுடன் தொடர்புகொள்ளும் மிகத் தாழ் அதிர்வெண் வானொலி நிலையத்துக்காக 2024-இல் கடற்படைக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் அடிக்கல் நாட்டினார். திருநெல்வேலி மாவட்டத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மனுக்கு அடுத்து, நாட்டின் இரண்டாவது நிலையம் இது. தேசப் பாதுகாப்பின் தேவையை எவரும் மறுக்கவில்லை. எனினும் மரங்களின் இழப்பும் முசியின் ஊற்றுப்பகுதிக்கு நேரக்கூடிய பாதிப்பும் சூழலியல் ஆர்வலர்களின் எதிர்ப்புக்குக் காரணமாயின. காட்டினுள் உள்ள ராமலிங்கேஸ்வரர் கோயிலுக்குப் பக்தர்கள் செல்வது குறித்துப் பேசப்பட்டது. காட்டுப் பாதைகளுக்காகப் பேச, பதிவு பெற்ற உரிமை எதுவும் எவரிடமும் இல்லை.

நகருக்குள்ளேயே இன்னொரு நிகழ்வு. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலியில் 400 ஏக்கர் நிலத்தைத் தகவல் தொழில்நுட்ப வளர்ச்சிக்காக ஏலம் விட மாநில அரசு முனைந்தது. 2025 மார்ச் இறுதியில் மண் அள்ளும் இயந்திரங்கள் மரங்களை வீழ்த்தின. மாணவர் போராட்டத்தைத் தொடர்ந்து ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் பணிகளுக்குத் தடை விதித்தது; பின்னர், அழிக்கப்பட்ட பகுதியை மீட்டெடுக்கும் திட்டத்தையும் கேட்டது. அது காடே அன்று, அரசு நிலம் என்பது அரசின் வாதம். பதிவேட்டில் என்ன பெயரில் இருக்கிறது என்பதே ஒரு நிலத்தின் தலைவிதியை முடிவு செய்வதை இவ்வழக்கும் உணர்த்தியது.

பதிவு செய்தால் போதுமா?

பாதைகளை முறையாக வரையறுத்த முன்மாதிரிகள் உள்ளன. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கோய்ட் இ ப்ரெனின் என்னும் அரசு வனத்தில் 1990-களில் மலைப்பாதை மிதிவண்டித் தடங்கள் அமைக்கப்பட்டு, கடினத்திற்கேற்ப நிறம் கொண்டு தரம் பிரிக்கப்பட்டன. தமிழ்நாட்டில், 2018 குரங்கணி காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் உயிரிழந்தது பெரும் பாடமானது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் மலையேற்றத் திட்டம் 40 வழித்தடங்களை அறிவித்து, இணையவழி முன்பதிவையும் உள்ளூர் வழிகாட்டிகளையும் ஏற்படுத்தியது.

2023-இல் திருத்தப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டம், வனச் செயல்திட்டத்தில் இடம்பெறும் சூழல் சுற்றுலா வசதிகளுக்கு இடமளிக்கிறது. அதே வாசல் வழியே விடுதிகளும் கடைகளும் நுழையக்கூடும் என்ற அச்சமும் நியாயமானதே. மிதிவண்டியும் தீங்கற்றதன்று. ஈரமண்ணில் உருளும் சக்கரம் நீர் அரிப்புக்கு வழிவகுக்கும். கூட்டம் பெருகினால் மேய்ச்சலும் பறவைகளின் கூடுகட்டலும் குலையும்.

ஆகவே புதிய பாதைகளை வெட்டுவது இப்போதைய தேவையன்று. ஏற்கனவே உள்ள பாதைகளை வனத்துறையும் ஊராட்சிகளும் இணைந்து வரைபடத்தில் சேர்ப்பதும், மழைக்காலத்தில் மூடுவதும், நுழைவுக் கட்டணத்தின் ஒரு பங்கைக் கிராமங்களுக்கு அளிப்பதும் பெருஞ்செலவின்றி இயலக்கூடியவை. பாதை பதிவில் இருப்பதால் மட்டும் நிலம் காப்பாற்றப்பட்டுவிடாது. ஆனால் அந்நிலத்தை வேறொன்றுக்கு மாற்ற முற்படும்போது, இழக்கப்படுவது இன்னதென்று ஓர் ஆவணம் சொல்லும். அதனால் வாழும் கிராமமும் கேள்வி கேட்கும்.

நிழற்கூரை வேய்ந்த 23 கிலோமீட்டரை நகரம் தனக்கென அமைத்துக்கொண்டது. அதற்கு அப்பால் ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் கிடக்கும் பாதைகளுக்குக் கூரை வேண்டியதில்லை. அரசுப் பதிவேட்டில் ஒரு வரி இடம் பெற்றால், அவற்றுக்கு அதுவே தொடக்கமாக அமையும்.